கொள்ளைநோயும் கோலோச்சியோரும்

இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையில், உச்சிப்புளியைத் தாண்டியதும் 'மண்டபம் கேம்ப்' என்றொரு நிலையம் உண்டு. மண்டபம் என்னும் ஊருக்கு வேறு நிலையம் இருக்க, கேம்ப் என்று தனியே ஒரு பெயர் ஏன் வந்தது என்று நம் மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் 1983-க்குப் பின் வந்த இலங்கைத் தமிழ் அகதிகளைக் குறிப்பிடுவர். அது பிழை. அகதிகள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயர் இருந்தது. நம் மாவட்டத்து மண்ணில், அயல் நாட்டு அரசாகிய இலங்கை அரசு நடத்திய முகாம் அது. தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கூலி வேலைக்குப் போன தமிழர்களை, அவர்கள் உடலில் நோய் இருக்கிறதா என்று நாட்கணக்கில் நிறுத்திவைத்துப் பார்ப்பதற்காக ஏற்பட்டது.

ஒரு கொள்ளைநோய் வருகிறது. அறிஞர்கள் ஆலோசனை சொல்கிறார்கள். மக்களைக் கேட்க வேண்டிய கட்டாயமில்லாத ஓர் அரசு ஆணையிடுகிறது. அப்போது என்ன நடக்கும் என்பதை விளக்க, உலகத்தின் மறுகோடிக்குப் போகவேண்டியதில்லை. நம் கடற்கரையே போதும்.

ஒரு வாரத்தில் பிறந்த சட்டம்

1896-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாயில் பிளேக் தோன்றியது. மக்கள் நகரைவிட்டு ஓடினர், வணிகம் முடங்கிற்று. 1897 சனவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில் தலைமை ஆளுநரின் சட்டமன்றத்தில் ஒரு முன்வரைவு வைக்கப்பட்டது. பிப்ரவரி 4-ஆம் நாள் அது சட்டமாயிற்று. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், சனவரி 26-ஆம் நாள்தான், சுவாமி விவேகானந்தர் இலங்கையிலிருந்து பாம்பனில் வந்திறங்கினார்; பாஸ்கர சேதுபதி மன்னர் அவரை எதிர்கொண்டு வரவேற்றார். நம் மாவட்டத்தில் அந்த வாரத்தைப் பற்றிப் பேசுவோர் இந்த வரவேற்பைத்தான் பேசுவர். கல்கத்தாவில் நடந்ததை யாரும் பேசுவதில்லை. (பிற்பாடு 1898-இல் கல்கத்தாவில் பிளேக் அச்சம் எழுந்தபோது, அஞ்சி ஓடவேண்டாம் என்று மக்களுக்கு அறிக்கை விடுத்தவரும் அதே விவேகானந்தரே.)

இந்தக் கொள்ளைநோய்ச் சட்டம் மிகச் சிறியது, நான்கே பிரிவுகள். முதற்பிரிவு பெயர் சொல்கிறது. இரண்டாம் பிரிவு, தேவை என்று அரசு கருதும் எந்த நடவடிக்கையையும் எடுக்கலாம் என்கிறது. மூன்றாம் பிரிவு, மீறுவோருக்குத் தண்டனை என்கிறது. நான்காம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காக எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்கிறது. எது கொள்ளைநோய் என்று அதில் விளக்கமில்லை. மருத்துவரைக் கேட்டுத்தான் ஆணையிடவேண்டும் என்றும் இல்லை. அதைச் செய்தோருள் மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் ஒருவரும் இலர் என்பதை நினைத்தால், அதன் சுருக்கம் வியப்பாக இல்லை. தாம் யாருக்கும் விடை சொல்ல வேண்டாம் என்றிருப்பவர்கள் நீளமாக எழுதவேண்டிய தேவை என்ன?

அறிஞர்கள் இல்லாமலா?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். அக்கால அரசுக்கு அறிஞர்கள் கிடைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பிளேக் கிருமியை 1894-இலேயே ஆங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்துவிட்டார். ஹாஃப்கின் பம்பாயில் தடுப்பூசி மருந்தைத் தயாரித்து, 1897 சனவரியில் முதலில் தம் உடம்பிலேயே செலுத்திப் பார்த்தார். பாஸ்டர் நிறுவனம் அனுப்பிய பால்-லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், 1898-இல் கராச்சியில் ஓர் எளிய சோதனை செய்தார். தெள்ளுப்பூச்சி மொய்த்த, பிளேக் கண்ட எலியை ஒரு கண்ணாடிச் சாடியில் இட்டார். அதைத் தொட முடியாதபடி நல்ல எலி ஒன்றைக் கூட்டில் வைத்து மேலே தொங்கவிட்டார். சில நாட்களில் நல்ல எலியும் பிளேக்கால் இறந்தது. நோயை எலியிடமிருந்து கொண்டுபோவது தெள்ளுப்பூச்சி என்று சிமோன் எழுதினார்.

இவ்வுண்மை மட்டும் அன்றே ஏற்கப்பட்டிருந்தால்! அரசு அமைத்த இந்தியப் பிளேக் விசாரணைக் குழு, எடின்பரோ பேராசிரியர் பிரேசர் தலைமையில் 1898-99-இல் நாடெங்கும் சுற்றிச் சாட்சியம் கேட்டது. ஐந்து உறுப்பினர், ஐவரும் ஐரோப்பியர். சிமோனின் கருத்தைப் பொருட்படுத்தத் தக்கதன்று என்று அக்குழு தள்ளிவிட்டது. 1905-இல் தொடங்கிய மற்றோர் ஆய்வுக் குழு பம்பாய்ப் பரேலில் கினி எலிகளை வைத்துச் சோதித்தது. தெள்ளுப்பூச்சி குதித்து எட்டும் உயரத்தில் வைத்தவை மாண்டன. எட்டாத உயரத்தில் தொங்கவிட்டவை பிழைத்தன. சிமோன் சொன்னது சரியென்றாயிற்று. இடையில் கழிந்த ஆண்டுகளில் நோய் பஞ்சாபையும் பிற மாகாணங்களையும் வாரிக்கொண்டுபோயிற்று. 1896 முதல் இருபது ஆண்டுகளுக்குள் இந்தியாவில் பிளேக்கால் மாண்டோர் தொகை ஒரு கோடியை ஒட்டிச் செல்கிறது.

ஹாஃப்கின் கதை இன்னும் வேதனையானது. 1902-இல் பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூரில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் இசிவுநோய் கண்டு இறந்தனர். பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது. அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். குப்பி திறக்கப்பட்ட இடத்தில் நேர்ந்த தவறு என்பதற்குச் சான்றுகள் இருந்தும், ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் இலண்டனில் வெளிப்படையாக எழுதிய பின்னரே, 1907-இல் அவர் பழி நீங்கினார்.

ஆக, அறிஞர் இருப்பது வேறு, அறிஞர் சொல் ஏறுவது வேறு. இதற்கு முந்தைய தலைமுறையிலும் இதே கதைதான். இம்முறை நோய் காலரா. 1868 முதல் 1884 வரை இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த ஜே. எம். கன்னிங்காம், காலரா மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதன்று, காற்றும் நிலமும் சேர்ந்து உண்டாக்குவது என்று விடாமல் வாதாடினார். அந்தக் கருத்து அரசுக்கு வசதியாயிருந்தது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறந்தபின், இந்தியாவிலிருந்து காலரா வருகிறது என்று ஒப்புக்கொண்டால் கப்பல்களை ஒவ்வொரு துறைமுகத்திலும் நிறுத்திவைப்பார்கள் அல்லவா? 1884-இல் இராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து குளத்து நீரில் கிருமியைக் காட்டிய பிறகும் உடனே மனம் மாறவில்லை. திருவிழாக் காலங்களில் காலரா தலைகாட்டும் இராமேசுவரம் போன்ற தலங்களுக்கு இந்தப் பிடிவாதம் எத்தனை உயிர் விலையாயிற்றோ!

காலராவில் ஒன்றும் செய்யவேண்டாம் என்ற அதே அரசு, பிளேக்கில் வீடு புகுந்து பிடிக்கவேண்டும் என்றது ஏன்? எனக்குத் தோன்றும் விடை இது: இரண்டிலும் வணிகமே கணக்கு. 1897-இன் தொடக்கத்தில் வெனிசு நகரில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாட்டில், இந்தியச் சரக்கை ஐரோப்பிய நாடுகள் மறுத்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. எங்கள் அரசு கடுமையாக இருக்கிறது என்று காட்டவேண்டிய கட்டாயம் வந்தது. கருத்து முதலில் முடிவாகிவிடும். அதற்கு ஏற்ற அறிஞர் பிறகு அழைக்கப்படுவார்.

தகரச் சீட்டு

இனி நம் கரைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி முதலிய கரைகளிலிருந்து தோணியில் மன்னார்ப் பகுதிக்குக் கடந்து, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வழியில் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியானோர் எண்ணற்றோர். பிளேக் அச்சம் வந்ததும் அவ்வழி மூடப்பட்டது. தூத்துக்குடி வழி மட்டும் திறந்திருந்தது. தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் ஒரு முகாம் ஏற்பட்டது. 1904-இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பட்டது. 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை இரயில் வந்தது; 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது; தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. பிறகு தட்டப்பாறையின் இடத்தை மண்டபம் பெற்றது.

முகாமுக்கு வருகிற தொழிலாளியின் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்று கயிற்றில் தொங்கும். கங்காணி அழைத்துவருவார், அவர் கடன் கணக்கு ஒரு பக்கம், சர்க்கார் கணக்கு ஒரு பக்கம். உடுத்திய துணி ஆவியில் வேகவைக்கப்படும். அம்மை குத்துவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். நோயில்லை என்று தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருக்கவேண்டும். அதே கப்பலில் போகும் மேல் வகுப்புப் பயணிக்கு மருத்துவர் பார்வையோடு காரியம் முடிந்தது. கிருமிக்கு முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற வேறுபாடு தெரியுமா என்று அன்று கேட்க ஆளில்லை. கொழும்புச் சட்டசபையில் தோட்ட முதலாளிகளுக்கென ஓர் இடமிருந்தது. தொழிலாளிக்கு அங்கும் இல்லை, சென்னையிலும் இல்லை.

நியாயமாகவும் சொல்லவேண்டும். அம்மைக்கும் காலராவுக்கும் அம்முகாம் பயன்பட்டிருக்கும். காலரா உடலில் புகுந்தால் பெரும்பாலும் ஐந்து நாட்களுக்குள் வெளிப்பட்டுவிடும். ஆகவே அத்தனை நாள் வைத்திருந்து அனுப்பினால் வழியில் பரவாது. காட்டுவழியில் செத்து விழுந்த முன்னோரை நினைத்தால், முகாமில் சோறும் மருத்துவரும் இருந்ததை ஒன்றுமில்லை என்று தள்ள மனம் வரவில்லை. ஆனால் முகாமுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது பிளேக். அந்தப் பிளேக் என்ன செய்தது?

1914 சனவரியில், பாம்பன் பாலம் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, பிளேக் கொழும்புக்குப் போயே விட்டது. முகாம் வழியாகப் போகவில்லை. துறைமுகத்தில் இறங்கிய அரிசி மூட்டைகளோடு வந்த எலிகளும் தெள்ளுப்பூச்சிகளுமே அதைக் கொண்டுவந்தன என்பது ஆய்ந்தோர் முடிபு. தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதியில்தான் நோய் முதலில் வேரூன்றியது. மனிதனை ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள். மூட்டைக்குள் இருந்த எலிக்கு முகாமும் இல்லை, சீட்டும் இல்லை. தோட்டத் தொழிலாளி அரிசி தின்றாகவேண்டும். அரிசி தாமதமானால் தோட்டம் நிற்கும். ஆகவே மூட்டையை யாரும் தடுக்கவில்லை. சிமோன் 1898-இல் சொன்னதை அப்போதே செவிமடுத்திருந்தால் முதலில் பார்த்திருக்கவேண்டியது மூட்டையைத்தான்.

இதன் பின்கதை அறிவியல் மாணவர்க்குச் சுவையானது. கொழும்பு நகராட்சியின் நுண்ணுயிரியலாளராக இருந்த ஹிர்ஸ்ட் என்பவர், எலித் தெள்ளுப்பூச்சியில் இனவேறுபாடு உண்டென்பதைக் கவனித்தார். பம்பாயில் மிகுதியாயிருந்த 'சியோபிஸ்' என்னும் இனம் பிளேக்கை நன்றாகப் பரப்பும். சென்னையிலும் இலங்கையின் பல பகுதிகளிலும் மிகுதியாயிருந்த 'ஆஸ்டியா' என்னும் இனம் அவ்வளவாகப் பரப்பாது. இது 1920-களில் தெளிவாயிற்று. அதற்குமுன் சென்னை மாகாணத்தில், நோய்கண்ட ஊரிலிருந்து வருவோர்க்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, பத்து நாள் அதிகாரியிடம் நேரில் வந்து நிற்கச் செய்யும் வழக்கம் இருந்தது. சென்னை நகரம் பெரும்பாலும் தப்பியதற்கு அந்தத் திட்டமே காரணம் என்று பாராட்டிக்கொண்டோர் உண்டு. பாராட்டில் பெரும்பங்கு அந்தத் தெள்ளுப்பூச்சிக்குச் சேரவேண்டியது! கோயம்புத்தூர்ப் பக்கத்தில் நோய் கடுமையாக வந்தது. அங்கே பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன.

குடிமக்கள் பேசிய மொழி

வாக்குச்சீட்டு இல்லாத குடிமக்கள் எப்படிப் பேசுவார்கள்? நோயாளியை ஒளித்துவைத்துப் பேசுவார்கள். ஊரைவிட்டு ஓடிப் பேசுவார்கள். கடைசியில் கல்லெடுத்துப் பேசுவார்கள். 1897-இல் பூனாவில் ராண்ட் என்னும் அதிகாரியின்கீழ்ப் படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்து சோதித்தனர். சூன் 22-ஆம் நாள் சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டனர். திலகர் எழுதியவற்றுக்காகப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். படைவீரரின் அத்துமீறல்களை இங்கிலாந்தில் எடுத்துரைத்த கோகலே, தாயகம் திரும்பியபின், சாட்சி சொல்ல எவரும் முன்வராமையால் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1898 மார்ச்சில் பம்பாயில் கலவரம் மூண்டது. அதன் பின்னரே அரசு கட்டாயத்தைத் தளர்த்தி, ஊர்ப் பெரியவர்களையும் நாட்டு வைத்தியர்களையும் துணைக்கழைக்கத் தொடங்கியது. கோகலே கேட்டபோது கிடைக்காதது கலவரத்துக்குக் கிடைத்தது என்பது ஓர் ஆட்சிக்குப் பெருமை தரும் செய்தியன்று.

"தனியாட்சியில் காரியம் விரைவாக நடக்குமே?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. நடக்கும், மறுப்பதற்கில்லை. 1910-இன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, சீனப் பேரரசு பினாங்கில் பிறந்த இளம் மருத்துவர் வூ லியன்-தேயை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. நோய் மூச்சுக்காற்றால் பரவுகிறது, பஞ்சும் துணியும் சேர்த்த முகமூடி அணியவேண்டும் என்றார் அவர். மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்காமல், முகமூடியின்றி நோயாளிகளைப் பார்த்து, சில நாட்களில் இறந்தார். புதைக்க முடியாது குவிந்துகிடந்த பிணங்களை எரிக்க வூ அனுமதி வேண்டினார். முன்னோர் வழிபாடு மிகுந்த அந்நாட்டில் எளிதில் கிட்டாத அந்த அனுமதி அரசாணையாக வந்தது. ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்ட அந்நோய் சில மாதங்களில் அடங்கியது. ஆனால் இதில் தற்செயலே மிகுதி. அரசவையில் வூவை நம்பிய ஓர் அதிகாரி இருந்தார், இல்லாதிருந்தால் என்னாகும்?

இல்லாதபோது என்னாகும் என்பதையும் அதே நாடு காட்டிற்று. 2019 திசம்பர் இறுதியில் வூகான் நகரக் கண் மருத்துவர் லீ வென்லியாங் புதிய நோயைப் பற்றித் தம் நண்பர்களை எச்சரித்தார். 2020 சனவரி 3-ஆம் நாள் காவல்துறை அவரை அழைத்துக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று மூத்த மருத்துவர் சோங் நான்ஷான் வெளிப்படையாகச் சொன்னது சனவரி 20-இல். 23-ஆம் நாள் வூகான் நகரமே மூடப்பட்டது. பிப்ரவரி 7-இல் லீ அதே நோயால் இறந்தார். மேலிடம் உண்மையை அறிந்தபின் விரைவு எல்லையற்றது. உண்மை மேலிடத்துக்கு ஏறும் படிக்கட்டில்தான் ஒவ்வொருவரும் தம் பதவிக்கு அஞ்சி நிற்கிறார்கள்.

நம் காலத்தில்

நாம் மக்களாட்சியில் வாழ்கிறோம். ஆயினும் 2020 மார்ச்சில் மாநிலங்கள் கையிலெடுத்தது அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். மைய அரசு 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கொண்டு நாட்டை மூடியது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவு முதல் நடைமுறை. நான்கு மணி நேரம்! நம் மீனவர் நிலையைப் பாருங்கள். விதிவிலக்குப் பட்டியலில் மீன் விற்பனை இருந்தது. மீன் பிடிப்பது இல்லை. கடலுக்குப் போகாமல் மீன் எப்படிக் கடைக்கு வரும் என்பது இராமேசுவரத்துச் சிறுவனும் கேட்கும் கேள்வி. ஏப்ரல் 10-இல்தான் மீன்பிடிப்புக்கு விலக்கு வந்தது. ஐந்தே நாளில், ஏப்ரல் 15-இல், விசைப்படகுகளுக்கு வழக்கமான தடைக்காலம் தொடங்கிற்று. பிறகு மீனவர் முறையீட்டால் அவ்வாண்டு 61 நாள் தடை 47 நாளாகக் குறைக்கப்பட்டு, மே 31-இல் முடிந்தது. கேட்டார்கள், கிடைத்தது, கல்லெடுக்க வேண்டியிருக்கவில்லை. கேட்காமலே செய்திருக்க முடியாதா என்பது வேறு வினா.

நான் வாழும் தெருவின் முனையிலும் ஒரு நாள் தகரம் அடித்தார்கள். ஒரு வீட்டில் நோய் கண்டதற்குத் தெரு முழுதும் அடைபட்டது. எத்தனை நாளுக்கு என்று கேட்டோம். அடிக்க வந்தவருக்கும் தெரியவில்லை, அனுப்பியவருக்கும் தெரியவில்லை. கழுத்துத் தகரத்தின் நினைவு எனக்கு அன்று வந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக்கூடாது. தமிழக அரசு 19 மருத்துவ அறிஞர் கொண்ட குழுவை அமைத்தது. அவர்களிற் சிலர் முதலமைச்சரைக் கண்டபின் செய்தியாளர் முன் நின்று கேள்விகளுக்கு விடை சொன்னார்கள். மாவட்டவாரியாக நோயாளர் தொகை நாள்தோறும் அச்சில் வந்தது. சென்னை மாநகராட்சிப் பதிவேட்டுக்கும் அரசின் பட்டியலுக்கும் இறப்புக் கணக்கு ஒத்துவரவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. அரசு ஒரு குழு அமைத்துப் பார்த்து, விடுபட்டிருந்த 444 இறப்புகளை 2020 சூலை 22-இல் கணக்கிற் சேர்த்தது. அந்த 444 பேரின் குடும்பத்தார்க்கு அது ஒரு வரிச் செய்தியன்று. மண்டபம் முகாமுக்குள் மாண்டவர்க்காக அப்படிக் கணக்குக் கேட்கும் செய்தித்தாளும் சட்டமன்றமும் அன்று இல்லை.

சட்டம்? 2020-இல் மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குத் தண்டனை சேர்த்து அது திருத்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 286-ஆம் அறிக்கையில், இச்சட்டம் இக்காலத்துக்குப் போதாது, மைய, மாநில, உள்ளாட்சி அதிகாரங்களைப் பிரித்து வரையறுத்துத் திட்டமொன்று முன்கூட்டியே வகுக்கப்படவேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிஞர் குழு கூறும் ஆலோசனையை மக்களுக்கு வெளியிடுவது கட்டாயமாக வேண்டும் என்று நான் அதனோடு சேர்ப்பேன். ஊரடங்கு ஆணை எழுதும் மேசையில் கடற்கரை மாவட்டத்துக்கு ஒரு மீனவரேனும் அமரவேண்டும் என்றும் சேர்ப்பேன். மீன் விற்கலாம், பிடிக்கக்கூடாது என்ற வரியை அவர் அங்கேயே அடித்திருப்பார்.